'அப்பு': கலீஃபா உமர் நிறுத்திக் கேட்ட ஒரு சொல்லின் வேர்

குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் 'அபஸ'. அதன் 31ஆம் வசனத்தில் இரண்டே பெயர்ச்சொற்கள்: 'வ ஃபாகிஹதன் வ அப்பா'. முதலாவதான 'ஃபாகிஹா' பழம். அரபு பேசும் குழந்தைக்கும் தெரிந்த சொல். இரண்டாவதை ஓதிய இடத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையான மிம்பரிலேயே நின்றுவிட்டார்கள். "பழம் என்னவென்று தெரியும். இந்த அப்பு என்பது என்ன?" என்று கேட்டார்கள். பிறகு தம்மைத் தாமே கடிந்துகொண்டார்கள்: "கத்தாபின் மகனே, இதுதான் தகல்லுஃப்."

தேவையில்லாத சுமையை வலிய இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வதற்குத்தான் தகல்லுஃப் என்று பெயர்.

மக்காவின் குறைஷிக் குலத்தில் பிறந்து, பழைய கவிதைகளை நன்கு அறிந்து, குர்ஆன் இறங்கிய காலத்திலேயே அதைக் கேட்ட ஒருவருக்கு, 'தெளிவான அரபு' என்று தன்னையே அழைத்துக்கொள்ளும் வேதத்தின் ஒரு சொல் எப்படித் தெரியாமல் போகும்? ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் வந்துள்ளன. விடைகளை எடைபோடச் சொல்லின் வேரிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். ஹம்ஸா, பா, பா என்ற மூன்று எழுத்துகள். இந்தப் பகரம் தமிழின் 'அப்பா'வில் வரும் வல்லின ஒலி அல்ல. 'பாய்' என்று கூப்பிடும்போது வரும் மெல்லொலி, இரட்டித்து வரும். அரபியில் தந்தையைக் குறிக்கும் 'அப்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அதன் மூன்றாம் எழுத்து வாவ். அதில் இரட்டிப்பு கிடையாது.

முதலில் அறிவிப்பு

இந்தச் செய்தியை நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) வழியாகக் குர்ஆன் விரிவுரையாளர் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310, கி.பி. 923) தம் விரிவுரையில் பதிவு செய்கிறார். அறிவிப்புகள் எல்லாம் ஒரே வடிவில் இல்லை. ஒன்றில் உமர் அவர்களே கேள்வி எழுப்பி, தாமே அதைக் கைவிடுகிறார்கள். இன்னொன்றில், கையில் இருந்த கோலைக் கீழே போட்டுவிட்டு, "உங்களுக்குத் தெளிவானதைப் பின்பற்றுங்கள், தெளிவாகாததை விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். மற்றொன்றில் கேட்பவர் வேறு யாரோ ஒரு மனிதர்; உமர் அவர்கள், "துருவித் துருவி ஆழம் பார்ப்பதும் தகல்லுஃபும் நமக்குத் தடுக்கப்பட்டவை" என்று பதில் சொல்கிறார்கள்.

ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரீ இதில் ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துக்கொண்டார்: "தகல்லுஃபை விட்டு நாம் தடுக்கப்பட்டோம்." அப்பு என்ற சொல் அங்கே இல்லவே இல்லை. அதிகமாகக் கேள்வி கேட்பதைக் கண்டிக்கும் பாடத்தில் அவர் அந்த வரியை வைத்தார். முழுப் பின்னணியையும் பல வழிகளிலிருந்து திரட்டி ஒன்றாக வைத்தவர், புகாரீயின் நூலுக்கு 'ஃபத்ஹுல் பாரீ' என்ற உரை எழுதிய இப்னு ஹஜர் (மறைவு 852 / 1449). கேட்டது உமர் அவர்களா, வேறொருவரா என்பதில் வழிகள் வேறுபட்டாலும் இரண்டு செய்திகளில் அவை ஒன்றுபடுகின்றன: அந்தச் சபையில் இந்தச் சொல் எல்லோருக்கும் பழகிய சொல்லாக இருக்கவில்லை; பொருள் தேடும் முயற்சி அங்கேயே நிறுத்தப்பட்டது.

அபூபக்ர் (ரலி) அவர்களிடமும் இதே சொல்லைப் பற்றிக் கேட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. "அல்லாஹ்வின் வேதத்தில் எனக்குத் தெரியாததைச் சொன்னால் எந்த வானம் எனக்கு நிழல் தரும்? எந்த பூமி என்னைத் தாங்கும்?" என்ற புகழ்பெற்ற பதில் அதில்தான் வருகிறது. ஆனால் அதை அறிவிக்கும் இப்ராஹீம் அத்தைமீ அபூபக்ர் அவர்களைச் சந்தித்தவர் அல்லர். அறிவிப்பாளர் சங்கிலி அறுபட்டது என்கிறார் விரிவுரையாளர் இப்னு கஸீர் (மறைவு 774 / 1373). உமர் அவர்களின் அறிவிப்பைப் பற்றி அவரே சங்கிலி சரியானது என்கிறார். ஆகவே நம் வழக்கில் முதல் சாட்சி உமர் அவர்கள்தாம்.

வசனத்தின் அமைப்பு

அகராதியைத் திறக்கும் முன் வசனத்தைப் பார்க்க வேண்டும். 24 முதல் 32 வரை ஒரே ஓட்டம். மனிதன் தன் உணவைப் பார்க்கட்டும். நாமே நீரைப் பொழிந்தோம். பிறகு மண்ணைப் பிளந்தோம். அதில் தானியம், திராட்சை, 'கள்ப்' என்னும் வெட்டித் தரும் பசுந்தழை, ஒலிவம், பேரீச்சை, அடர்ந்த தோப்புகள், பழம், அப்பு ஆகியவற்றை முளைக்கச் செய்தோம். 'உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும் பயனாக.'

எண்ணிப் பார்த்தால் எட்டுப் பொருள்கள். கடைசி வசனம் இரண்டு பயனாளிகளைச் சொல்கிறது: நீங்கள், உங்கள் கால்நடைகள். பட்டியலின் கடைசி இணையும் இரண்டுதான்: பழம், அப்பு. பழம் மனிதனுக்கு என்றால் அப்பு ஆடு மாடு ஒட்டகங்களுக்கு என்று கேட்பவரின் காதே கணக்குப் போட்டுவிடும். முழுப் பட்டியலையும் இப்படிக் கறாராக இரண்டாகப் பிரிக்க முடியாது என்பது உண்மைதான். கள்ப் என்பதையும் கால்நடைத் தழை என்றே பலர் விளக்குகிறார்கள். ஆனாலும் ஓசை நயத்தோடு வரும் ஒரு பகுதியில் இறுதி இணைக்கு ஒரு தனி அழுத்தம் உண்டு.

இதைவிட வலுவான சான்று ஒரு பக்கம் முன்னால் இருக்கிறது. 79ஆம் அத்தியாயம் 'அந்நாஸிஆத்'. அதன் 31ஆம் வசனம் பூமியைப் பற்றி, 'அதிலிருந்து அதன் நீரையும் அதன் மேய்ச்சலையும் வெளிப்படுத்தினான்' என்கிறது. 33ஆம் வசனம், 'உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும் பயனாக.' சொல்லுக்குச் சொல் அதே வரி. அங்கே நீருக்குப் பின் வருவது 'மர்ஆ'; மேய்ச்சல் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த பொதுச்சொல். இங்கே நீருக்குப் பின் வரும் பட்டியல் அப்புவில் முடிகிறது. அடுத்தடுத்த இரண்டு அத்தியாயங்களில் ஒரே முத்தாய்ப்பு வரும்போது, முதலாவது இரண்டாவதற்கு உரையாகிறது. எந்த அகராதியின் துணையும் இல்லாமல், குர்ஆனை வைத்தே குர்ஆனைப் படிப்பவருக்குக் கிடைக்கும் விடை: மேய்ச்சல்.

முதல் தலைமுறையின் விடைகள்

குர்ஆனுக்கு விளக்கம் சொன்ன முன்னோர்களில் பெரும்பாலோர் இதையே சொன்னார்கள். முஜாஹித், "மேய்ச்சல்." ஹஸன் பஸரீ, "கால்நடைகள் தின்பது." கதாதா, "பழம் உங்களுக்கு, அப்பு உங்கள் கால்நடைகளுக்கு." ளஹ்ஹாக் கொஞ்சம் அகலப்படுத்தி, பழம் அல்லாத எல்லா முளைப்பையும் அப்பு என்றார்.

இவர்களுக்கெல்லாம் மூலம் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி). தபரீ தரும் ஓர் அறிவிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அல்லாஹ் மனிதனின் படைப்பையும் அவன் உணவையும் ஏழேழாக வைத்தான் என்று இப்னு அப்பாஸ் அவர்கள் எண்ணிக்காட்டுகிறார்கள். உணவுக்கு இந்த வசனங்களையே ஓதுகிறார்கள். பட்டியலிலோ எட்டுப் பொருள்கள். கணக்கு இடிக்கவில்லையா? இடிக்கவில்லை. "அப்பு என்பது பூமி முளைக்கச் செய்வதில் மனிதர்கள் உண்ணாதது" என்று சொல்லி எட்டாவதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஏழு மனிதனுக்கு, மிச்சம் ஒன்று கால்நடைக்கு. சொற்பொருள் இங்கே அகராதி விளக்கமாக இல்லாமல் எண்ணிக்கையின் வழியாக வெளிப்படுகிறது.

ஆனால் அதே தபரீயில், அதே இப்னு அப்பாஸ் அவர்களின் பெயரில், வேறொரு விடையும் இருக்கிறது. அலீ இப்னு அபீ தல்ஹா வழியாக வருவது: அப்பு என்பது 'அஸ்ஸிமாருர் ரத்பா', ஈரப்பசை உள்ள புதுக் கனிகள். விரிவுரையாளர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அப்படி நகர விரும்பவில்லை. ஏன் என்பது பிறகு விளங்கும். இப்போதைக்கு ஒன்று: இந்த அலீ இப்னு அபீ தல்ஹா சிரியாவின் ஹிம்ஸ் நகரில் வாழ்ந்தவர், இப்னு அப்பாஸ் அவர்களிடம் நேரடியாகக் கேட்டவர் அல்லர் என்பது ஹதீஸ் கலையினர் அறிந்த விஷயம்.

இன்னும் சில சில்லறை விடைகள் உண்டு. வைக்கோல் என்றார்கள். குளிர்காலத்துக்கென்று எடுத்துவைக்கும் உலர்பழம் என்றார்கள். ஸுயூத்தீ (மறைவு 911 / 1505) தம் 'அல்இத்கான்' நூலில், வட ஆப்பிரிக்காவின் மக்ரிப் நாட்டாருடைய மொழியில் இது புல் என்று ஒருவர் சொன்னதாக எடுத்தெழுதுகிறார். இவை சொல்லின் பொருளைச் சொல்வதைவிட, பிற்காலத்தாருக்கு அது எவ்வளவு அந்நியமாகிவிட்டது என்பதையே காட்டுகின்றன.

அகராதியின் முதல் பக்கம்

முதலெழுத்து வரிசையில் அமைந்த அரபு அகராதிகளில் ஹம்ஸாவும் இரண்டு பாவும் சேர்ந்த வேர் தொடக்கத்திலேயே வந்துவிடும். இப்னு ஃபாரிஸின் (மறைவு 395 / 1004) 'மகாயீசுல் லுகா' நூலைத் திறந்தால் முதலில் நிற்பது இதுதான். வேர்களின் ஆதாரப் பொருளைப் பிரித்துக் காட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. இந்த வேருக்கு அவர் இரண்டு ஆதாரங்கள் சொல்கிறார். ஒன்று மேய்ச்சல். இன்னொன்று 'கஸ்து, தஹய்யுஉ': நாடிச் செல்லுதல், ஆயத்தமாதல்.

இரண்டாவதற்குச் சாட்சி வலுவானது. ரியாத் நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட மன்ஃபூஹாவைச் சேர்ந்த பெருங்கவிஞர் அஃஷா, முகம் திருப்பிக்கொண்ட ஒரு சகோதரனைப் பற்றி, 'அப்ப லியத்ஹபா' என்று பாடுகிறார். போவதற்கு ஆயத்தமாகிவிட்டான் என்று பொருள். கையை வாளின் மேல் கொண்டுபோவதற்கும் இதே வினைச்சொல் வரும். மான்களைப் பற்றி அரபுகள் ஒரு வழக்கு வைத்திருந்தார்கள்: தண்ணீர் கிடைத்தால் 'அபாப்' இல்லை, கிடைக்காவிட்டால் 'அபாப்' இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அரபியில் முதலாவது ஐன் எழுத்தில் தொடங்குகிறது, இரண்டாவது ஹம்ஸாவில். தண்ணீர் கிடைத்தால் மான் மடக்கு மடக்கென்று குடிக்காது. கிடைக்காவிட்டால் அதைத் தேடிக் கிளம்பவும் செய்யாது என்று பொருள். தொண்டையின் ஓர் ஒலி மாறக் குடிப்பது கிளம்புவதாகிறது.

மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: 'அப்ப இலா வதனிஹி', தன் மண்ணுக்காக ஏங்கினான், அதை நோக்கி மனம் இழுத்தது. ஆயத்தமாதல் பொருளுக்கு அகராதிகளில் வரும் மற்றொரு சாட்சி, கவிஞர் துர் ரும்மாவின் சகோதரர் ஹிஷாமின் ஒரு வரி. கோடையில் கிணற்றடியில் கூடியிருந்த நாடோடி தன் பயணத்துக்கு ஆயத்தமானான். போகும் எண்ணம் கூடாரத்தின் கயிறுகளை அவிழ்த்துச் சரித்தது என்பது அதன் கருத்து.

பெயர்ச்சொல்லுக்குச் சாட்சி இவ்வளவு உறுதியாக இல்லை. 'எங்கள் அடிமரம் கைஸ், எங்கள் வீடு நஜ்து. அங்கே எங்களுக்கு அப்பும் உண்டு, நீர்த்துறையும் உண்டு' என்ற அடியை விரிவுரையாளர் ஸமக்ஷரீ (மறைவு 538 / 1144) எடுத்தாளுகிறார். நஜ்து என்பது நடு அரேபிய மேட்டுநிலம். பாடியவர் பெயர் இல்லை. இஸ்லாத்துக்கு முந்திய பேச்சாளர் குஸ் இப்னு ஸாயிதாவின் பெயரில் வரும் ஒரு வாசகத்தில் 'அது அப்பு மேய, நான் உடும்பு வேட்டையாட' என்று எதுகையோடு வருகிறது. குஸ் பெயரில் உலவும் உரைகளை அறிஞர்கள் ஐயத்தோடுதான் கையாள்வார்கள்.

இரண்டு பொருள்களையும் எப்படி இணைப்பது? குர்ஆன் சொற்களுக்கு அகராதி எழுதிய ராகிப் இஸ்ஃபஹானீ, மேயவும் அறுக்கவும் ஆயத்தமாக நிற்கும் மேய்ச்சல்தான் அப்பு என்று வினையிலிருந்து பெயரை எடுக்கிறார். ஸமக்ஷரீ, மக்கள் நாடிச் செல்லும் இடம் என்பதால் அப்பு என்கிறார். 'நாடினான்' என்பதற்கு 'அம்ம' என்றொரு வினை உண்டே, அப்பும் அம்மும் சகோதரர்கள் என்று எழுதுகிறார். உயிர்க்குறி இல்லாத அரபு எழுத்தில் பார்த்தால் 'தந்தையும் தாயும் சகோதரர்கள்' என்று படிக்கும்படி அந்த வரி நிற்கிறது. ஸமக்ஷரீ இதை ரசித்தே எழுதியிருப்பார்.

எனக்கு எதிர்த்திசையே சரியாகப் படுகிறது. மழைக்குப் பிறகு பாலை பசுக்கிறது. கிணற்றடியில் கோடையைக் கழித்த குடும்பங்கள் கூடாரத்தைப் பிரிக்கின்றன. மேய்ச்சல் இருக்கும் இடத்துக்குக் கிளம்புவதும், கிளம்ப ஆயத்தமாவதும், மனம் அந்த வெளிக்கு ஏங்குவதும் ஒரே வாரத்தில் நடக்கும் காரியங்கள். ஹிஷாமின் வரியில் இருப்பதும் அந்த வாரம்தான். வசந்தத்துக்கான 'ரபீஉ' என்ற பெயரிலிருந்து, வசந்த மேய்ச்சலில் தங்குவதைக் குறிக்கும் 'தரப்பஅ' என்ற வினை பிறந்தது. அப்படியே அப்பு என்ற பெயரிலிருந்து கிளம்பும் வினை பிறந்திருக்கலாம். இப்னு ஃபாரிஸ் கண்ட இரண்டு ஆதாரங்கள், மேய்ப்பர் வாழ்க்கையில் ஒன்றாகவே இருந்தவை.

இதே குடும்பத்தில் 'இப்பான்' என்ற சொல்லையும் சிலர் சேர்க்கிறார்கள். பருவம், ஏற்ற காலம் என்று பொருள். 'பழங்களை அவற்றின் இப்பானில் தின்னு' என்பது அகராதிகள் தரும் எடுத்துக்காட்டு. கடைசி நூன் வேரெழுத்தா, ஒட்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சொல் இன்றும் செத்துவிடவில்லை. அரபு நாளேடுகளில் 'போரின்போது' என்று எழுத 'இப்பானல் ஹர்ப்' என்பார்கள். வேரின் பெயர்ச்சொல் மறைந்து, அதன் ஓரக்கிளை செய்தித்தாளில் தழைத்திருக்கிறது.

அண்டை மொழிகள்

இப்போது அந்த ஒதுக்கப்பட்ட விடைக்கு வருவோம்: புதுக் கனிகள்.

அரபுக்கு வெளியே இந்தச் சொல்லின் உறவினர்கள் பலர். பழைய மெசப்பொத்தாமியாவின் அக்காடியத்தில் 'இன்பு' என்றால் கனி. வளர்ந்து நிறையும் நிலவின் கடவுளுக்கும் அது பட்டப்பெயர். விவிலியத்தில் தானியேல் நூலின் அரமேயப் பகுதியில், நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட பெருமரத்தின் கனியைச் சொல்ல வருவதும் 'இன்ப்' என்ற வடிவம்தான். அரமேயத்தின் கிறிஸ்தவக் கிளையான சிரியாக்கில் அது 'எப்பா', அங்கும் கனி. எபிரேயத்தில் 'ஏவ்'. உன்னதப்பாட்டு 6:11இல் பள்ளத்தாக்கின் பசுந்தளிர் அல்லது கனி. யோபு 8:12இல் அது கனியாக இருக்கவே முடியாது. நீரில்லாத நாணல் இன்னும் பச்சையாய், அறுக்கப்படாமல் நிற்கும்போதே மற்றப் புல்லுக்கெல்லாம் முன்பு வாடிவிடும் என்ற இடத்தில் அந்தப் 'பச்சை'தான் 'ஏவ்'. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இக்குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரைத் தெரிந்திருக்கும். இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட 'ஆபிப்' மாதம். ஆபிப் என்றால் பால்பிடித்து முற்றாத இளம் வாற்கோதுமைக் கதிர். கல்மழையில் எகிப்தின் வாற்கோதுமை அழிந்தது ஏன் என்று யாத்திராகமம் 9:31 காரணம் சொல்லும்போது, அது அப்போது ஆபிப்பாக இருந்தது என்கிறது.

ஆர்தர் ஜெஃப்ரி, குர்ஆனில் உள்ள அயல்மொழிச் சொற்களைப் பற்றிய தம் ஆங்கில நூலை 1938இல் வெளியிட்டார். அச்சானது நம் நாட்டில், பரோடாவில், கெய்க்வாட் கீழைத்தேய நூல்வரிசையில். அப்பு என்பது அரமேயத்திலிருந்து, குறிப்பாகச் சிரியாக்கிலிருந்து வந்த கடன்சொல் என்பது அவர் முடிவு. குறைஷிகளுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு இது எளிய விடை. பலரும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

ஒலியை வைத்துப் பார்த்தால் கடன் வாதத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அரபு, எபிரேயம், அரமேயம், அக்காடியம் எல்லாவற்றுக்கும் தாயான மூலச் செமித்தியத்தில் 'இன்ப்' என்று நகர ஒலியோடு இருந்திருந்தால் அரபு அந்த ஒலியை விழுங்கியிராது. 'ஜன்ப்' (பக்கம்), 'தன்ப்' (பாவம்) என்று அரபு அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. விழுங்கி இரட்டிப்பது எபிரேயமும் சிரியாக்கும் செய்யும் வேலை. ஆகவே இரட்டைப் பகரத்தோடு ஒரு சொல் அரபியில் இருந்தால் அது அங்கிருந்து வந்தது என்பது வாதம்.

வாதத்தின் ஓட்டை அதன் முதல் வரியிலேயே உள்ளது. மூலத்தில் நகர ஒலி இருந்தது என்று யார் சொன்னது? இரட்டைப் பகரத்தை உடைத்து நடுவில் ஒரு மூக்கொலியைச் செருகுவது செமித்திய மொழிகளின் பழைய பழக்கம். கதிரைக் குறிக்கும் சொல்லைப் பாருங்கள். அக்காடியத்தில் 'ஷுபுல்து', எபிரேயத்தில் 'ஷிப்போலெத்'. நியாயாதிபதிகள் நூலில் எப்பிராயீமரைக் காட்டிக்கொடுத்த அதே சொல். அரபியில் அது 'ஸுன்புல்'. அங்கே மூக்கொலியைச் செருகியது அரபு. அப்படியானால் 'இன்பு'வில் அதைச் செருகியது அக்காடியமாக ஏன் இருக்கக் கூடாது? மேலும், ஆபிப் என்ற எபிரேயச் சொல்லில் இரண்டு பகரங்களுக்கு நடுவே உயிரொலி நிற்கிறது. ஆகவே அங்கே வேர் ஹம்ஸா, பா, பா என்பதில் ஐயமே இல்லை. அந்த வேர் செமித்தியத்தின் பொதுச் சொத்தாக இருந்தால் அரபுக்கும் அதில் பங்குண்டு.

பொருளையும் பார்க்க வேண்டும். சிரியாக் 'எப்பா' கனியைத் தவிர வேறெதையும் குறிக்காது. அதை அப்படியே கடன் வாங்கியிருந்தால் 31ஆம் வசனம் 'கனியும் கனியும்' என்றாகும். முதல் தலைமுறையில் அத்தனை பேர் மேய்ச்சல் என்று சொன்னதற்கும் கடன் வாதத்தில் விளக்கமில்லை. மாறாக, எபிரேயத்தில் எஞ்சியிருக்கும் அகலமான பொருளை, அதாவது இப்போதுதான் முளைத்துப் பச்சைவிட்டு நிற்பது என்பதை எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. உழவர் நிலமான மெசப்பொத்தாமியாவிலும் சிரியாவிலும் அந்தப் பச்சை கனியாகச் சுருங்கியது. கானானில் இளங்கதிராகவும் தளிராகவும் நின்றது. ஆடும் ஒட்டகமும் வளர்த்த நஜ்திலோ அது மேய்ச்சலானது.

ஹிம்ஸ்வாசியான அலீ இப்னு அபீ தல்ஹாவின் 'புதுக் கனிகள்' விடை இந்த வரைபடத்தில் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. சுற்றிலும் கிறிஸ்தவ மக்கள் 'எப்பா' என்று பழத்தைச் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் அந்த விடை வளர்ந்தது. அது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அதே வேரின் வடபுறத்துப் பொருள் ஒரு மனிதரின் வழியாக அரபு உரைநூலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. விரிவுரையாளர்கள் தமக்கு ஒவ்வாத விடையையும் அழிக்காமல் எழுதிவைத்த நேர்மையால்தான் இன்று நம்மால் இதைப் பார்க்க முடிகிறது.

உமர் அவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

இப்னு கஸீரின் விடை: அது நிலத்தில் முளைப்பது என்று வசனத்தைப் படிக்கும் எவருக்கும் தெரியும், உமர் அவர்கள் அதன் உருவம், வகை, குறிப்பான அடையாளம் ஆகியவற்றை அறிய விரும்பினார்கள். மரியாதையான விளக்கம். ஆனால் அறிவிப்பில் உள்ள கேள்வி 'எந்த வகை?' என்பதல்ல, 'என்ன?' என்பது.

துனிசியாவின் பேரறிஞர் இப்னு ஆஷூர் (1879–1973) இதைவிட நேரடியாகப் பேசுகிறார். கலப்பற்ற அரபுகளான அபூபக்ர், உமர் இருவருக்கும் தெரியாமல் போனதற்கு இரண்டில் ஒன்று காரணம் என்கிறார். ஒன்று, சொல் அவர்கள் வழக்கில் மறந்துபோயிருந்தது. வசன முடிவின் ஓசைக்குப் பொருந்தியதால் குர்ஆன் அதற்கு உயிர் கொடுத்தது. அல்லது, சொல் பல பொருள்களைக் குறித்ததால் இங்கே எது என்று தயங்கினார்கள். ஓசைக் காரணத்தைக் காதாலேயே சோதிக்கலாம். 'ஸப்பா', 'ஷக்கா', 'ஹப்பா', 'கள்பா' என்று விழுந்துகொண்டே வரும் முடிவுகளில் 'அப்பா' தானாக வந்து அமர்கிறது, 'மர்ஆ' அமராது.

நான் முதல் காரணத்தையே ஏற்கிறேன். அதற்கு ஒரு நிலவியல் சான்றையும் சேர்ப்பேன். இந்த வேருக்கு நாம் மேலே பார்த்த கவிதைச் சாட்சிகள் எங்கிருந்து வருகின்றன? அஃஷா, இன்றைய ரியாத் வட்டாரமான யமாமாவைச் சேர்ந்தவர். ஹிஷாமும் நடு அரேபியப் பாலையின் மனிதர். பெயரில்லாத அந்த அடி நஜ்தின் பெயரையே சொல்கிறது. எல்லாம் கிழக்கும் நடுவும். ஒன்றுகூட மக்காவிலிருந்து வரவில்லை. குறைஷிகள் பயிரில்லாப் பள்ளத்தாக்கில் வணிகம் செய்து வாழ்ந்தவர்கள். மேய்ச்சலின் நுட்பமான பெயர்கள் அவர்கள் பேச்சிலிருந்து முதலில் உதிர்ந்திருந்தால் அதில் வியப்பில்லை.

இதற்கு இணையான இன்னொரு நிகழ்வும் உமர் அவர்களைப் பற்றியே இருக்கிறது. 16:47இல் வரும் 'தகவ்வுஃப்' என்ற சொல்லின் பொருளை அவர்கள் மிம்பரிலிருந்து கேட்டபோது, ஹுதைல் குலத்து முதியவர் ஒருவர் எழுந்து, "இது எங்கள் பேச்சு, சிறிது சிறிதாகக் குறைத்தல் என்று பொருள்" என்று சொல்லி, ஒரு கவிதை அடியையும் ஓதிக்காட்டினார். உமர் அவர்கள் அதை மகிழ்ந்து ஏற்று, பழைய கவிதையைப் பற்றிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் வேதத்தின் விளக்கம் இருக்கிறது என்றார்கள். ஆகவே சொற்பொருள் தேடுவதே அவர்களுக்குப் பிடிக்காது என்று அப்பு அறிவிப்பை வைத்து வாதிடுவது சரியல்ல. ஹுதைல் முதியவர் சபையில் இருந்தார், விடை கிடைத்தது. நஜ்துக்காரர் ஒருவர் அன்று எழுந்திருந்தால் அப்புவுக்கும் அதே வரவேற்பு கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். வசனத்தின் நோக்கம், மனிதன் தன் உணவைப் பார்த்து நன்றி செலுத்த வேண்டும் என்பது. அது விளங்கிவிட்ட பிறகு ஒரு செடியின் பெயருக்காக அந்தக் கடமையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே உமர் அவர்களின் கருத்து என்று ஸமக்ஷரீயும் எழுதுகிறார்.

தமிழில் எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டு அரபிக் கல்லூரிகளில் பாடமாக ஓதப்படும் 'ஜலாலைன்' விரிவுரையில் இந்தச் சொல்லுக்கு, கால்நடைகள் மேய்வது, வைக்கோல் என்றும் சொல்வார்கள் என்று ஒரே வரி. தமிழ் மொழிபெயர்ப்புகளில் தீவனம், புல்பூண்டு என்பன போன்ற சொற்கள் இடம்பெறுகின்றன. தீவனம் எனக்கு நிறைவு தரவில்லை; அது தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டுவது. வைக்கோலோ அறுவடைக்குப் பின் காய்ந்தது. நீரைப் பொழிந்து மண்ணைப் பிளந்து முளைக்கச் செய்த பட்டியலில் காய்ந்த பொருளுக்கு இடமில்லை. மழைக்குப் பின் தானாகத் தழைத்து, கால்நடை தலை குனிந்து மேயும்படி நிற்கும் பச்சைக்கு 'மேய்ச்சற் பசும்புல்' என்பது நெருங்கி வருகிறது. அதைத்தான் நான் எழுதுவேன்.

கடன்சொல்லா, சொந்தச் சொல்லா என்பதில் இன்னும் அழுத்தமான சான்று வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. சிரியாவுக்கும் ஜோர்தானுக்கும் இடைப்பட்ட கரும்பாறைப் பாலையில், இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மேய்ப்பர்கள் சஃபாயித்திக் எழுத்தில் ஆயிரக்கணக்கான குறிப்புகளைக் கல்லில் கீறிவைத்திருக்கிறார்கள். இன்னார் இன்னாரின் மகன், இந்தப் பருவத்தில் இங்கே ஒட்டகம் மேய்த்தான் என்ற வகை. மேய்ந்ததற்கு 'ர-ஐன்-ய' என்றும் வசந்தப் பசுமைக்கு 'ப-க-ல' என்றும் அவர்கள் எழுதினார்கள். இந்த வரிகளில் அப்பு மேய்ச்சல் பொருளில் கிடைத்தால் சிரியாக் கடன் வாதம் விழும். ஆனால் அந்த எழுத்துமுறை உயிரொலிகளையும் இரட்டிப்பையும் காட்டாது. அப்பு அங்கே ஹம்ஸாவும் ஒரு பாவும் மட்டுமாகத்தான் நிற்கும். தந்தை என்பதும் அதே இரண்டு எழுத்துதான். முன்னால் வரும் வினை 'மேய்த்தான்' என்று இருந்தால் மட்டுமே படிப்பவர் துணிந்து முடிவு சொல்ல முடியும்.